தப்பொலி எட்டும் தூரம்

இசை கேட்பதற்கென்று நாற்காலியில் இடம்பிடித்து, முன்னே மேடையும் மேலே கூரையுமாக அமரும் வழக்கம் நம்மவரிடையே மிகப் பழையதன்று. சென்னையிலே சங்கீத வித்வத் சபை 1928ஆம் ஆண்டிலேதான் தோன்றியது. பாடுவோரின் முகத்துக்கும் கேட்போரின் முகத்துக்கும் இடையிலே ஒலிவாங்கி வந்து நிலைபெற்றது அதற்கும் பின்னர். அதற்கு முன்னே நூற்றாண்டு நூற்றாண்டாகத் தமிழன் இசை கேட்ட இடம் பெரும்பாலும் வெட்டவெளியே. கோயில் வீதி, தேரோடும் தெரு, அறுவடை முடிந்த வயல், ஊர்ப்பொது நிலம் ஆகியவையே அவனுடைய இசையரங்குகள். நாதசுரமும் தவிலும் அத்தகைய வெளியை நிறைப்பதற்கென்றே வடிவெடுத்த கருவிகள். அவற்றை நாலு சுவர்களுக்குள் அடைத்து, போதாதென்று ஒலிபெருக்கியும் பூட்டி, பின்னர் காது வலிக்கின்றதென்று முறையிடுவோமாயின் குற்றம் கருவியினுடையதன்று.

தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார். ஒரு நிலத்தின் பறை அந்நிலத்து மரம்போலவும் பறவைபோலவும் அம்மண்ணுக்கே உரியது என்பது அவர் கருத்துப்போலும். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்று பின்வந்த இலக்கணகாரர் வரையறுத்தனர். ஆனால் இலங்கையின் மலைநாட்டுக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழர், தாம் வந்து சேர்ந்த குறிஞ்சியின் பறையை இங்கே கண்டெடுக்கவில்லை. தம் ஊர்ப் பறையைத் தோளிலே சுமந்து வந்தனர். அதற்குத் தோட்டங்களிலே வழங்கும் பெயர் தப்பு.

அத்தப்பின் ஓசையை, வெட்டவெளியிலே, மின்சாரத்தின் துணையின்றிக் கேட்க விரும்பும் அன்பர்கள் மாசி மாதத்தில் மாத்தளை மாவட்டத்துக்கு வரவேண்டும். மாசியில் அம்மாவட்டம் இருவகை இசையால் நிறைகின்றது. ஒன்று, மாத்தளை நகரிலே ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பெருவிழாவில், ஐந்து தேர்கள் வீதியுலா வரும்போது கேட்கும் மங்கல இசை. 108 அடி உயர்ந்த இராசகோபுரத்தைக் கொண்ட அக்கோயிலையும் அதன் பஞ்சரதத்தையும் பற்றி எழுதுவோர் பலர். 1983 ஜூலைக் கலவரத்தில் சேதமுற்ற அக்கோயில் மீண்டும் எழுந்து நிற்பதே ஒரு வரலாறு. அது நிற்க, மற்றைய இசையைப் பற்றியே இங்கு கூற எண்ணினேன். அது நகரத்துக்குக் கிழக்கே, தும்பறை மலைத்தொடரின் சரிவுகளிலே, இரத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவை என்னும் பக்கங்களில் உள்ள தோட்டங்களிலே கேட்பது. காமன் கூத்து என்பது அதன் பெயர்.

கூத்து என்றவுடன் அதை நாடகம் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. அது நோன்பு, அது சடங்கு, அது இரவு முழுவதும் நடக்கும் இசை நிகழ்ச்சி. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையை ஒட்டிக் காமன் பொட்டலிலே கம்பம் ஊன்றப்படும். கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் முதலியவற்றால் அதைக் கட்டுவது மரபு. வேடம் பூணுவோர் காப்புக் கட்டி விரதமிருப்பர். ரதியாக ஆடுபவனும் ஆடவனே. அன்று தொடங்கி நாள்தோறும் பாட்டும் ஆட்டமும் வளர்ந்து, ரதிக்கும் மதனுக்கும் திருமணம் நிகழ்ந்து, பௌர்ணமியை ஒட்டிய இரவிலே மதன் எரிக்கப்படுவான். கூத்து வளர வளர நிலவும் வளரும். மின்விளக்கில்லாத காலத்து மக்கள் தம் கூத்துக்கு விளக்கேற்றும் பொறுப்பை வானத்திடமே விட்டிருந்தனர் என்றால் அது மிகையன்று. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும் காலமும் அதுவே.

இக்கூத்து மாத்தளைக்கு வந்த வழியை அறியாதவர் அதன் பாட்டை முழுமையாகக் கேட்டவராகார். 1830களிலிருந்து காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சைப் பக்கங்களிலிருந்து புறப்பட்ட மக்கள் தோணியேறி மன்னார்க் கரையிலே இறங்கினர். அங்கிருந்து காட்டுவழியாகக் கால்நடையாய் மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று தெற்கே வந்தனர். மலையேறுவதற்கு முன் அவர்கள் வந்து சேர்ந்த முதற் பேரூர் மாத்தளை. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பல்லாயிரவர். எஞ்சியோர் தம் அச்சத்தையும் நன்றியையும் இறக்கி வைத்த இடங்களிலே மாரியம்மன் குடிகொண்டாள். நோய் தரும் தெய்வமும் நோய் தீர்க்கும் தெய்வமும் அவளே அன்றோ? கண்டியிலிருந்து மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தது 1880இலேதான். அதற்கு முந்திய இரண்டு தலைமுறையினர் நடந்தே வந்தனர்.

காப்பிக்காலத்து மக்களிற் பெரும்பாலோர் பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். எனவே குடும்பங்கள் லயங்களிலே நிலைபெற்றன. ஆண்டுதோறும் மாசியில் ஒரே பொட்டலிலே கம்பம் ஊன்ற வேண்டுமாயின், ஆண்டு முழுவதும் அவ்விடத்திலேயே வாழும் மக்கள் வேண்டும். காமன் கூத்து தோட்டத்திலே வேரூன்றியது மக்கள் வேரூன்றியதற்கு அடையாளம் எனக் கொள்வதில் தவறில்லை.

வடக்கிலிருந்து வரும் அவ்வழியிலே, மாத்தளையை நெருங்குகையில், அலுவிகாரைக் குன்று உள்ளது. வாய்மொழியாகவே ஓதப்பெற்று வந்த பௌத்தத் திரிபிடகத்தை, கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, பிக்குகள் ஏட்டில் எழுதிவைத்த இடம் அது என்பர். பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் அருகிவிட்டால் ஓதப்படுவதும் அழியுமே என்ற அச்சமே அவர்களை எழுதத் தூண்டியது. அக்குன்றைக் கடந்து தலையிலே மூட்டையும் தோளிலே தப்புமாகச் சென்ற கூலிகளின் பாட்டுக்கு அத்தகைய எழுத்தாளர் நெடுங்காலம் கிடைக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலாக வெளிவந்தது 1983ஆம் ஆண்டில். மாத்தளை வடிவேலன் மலையகத்தின் மரபுக் கலைகளைத் தேடி எழுதியதும் அண்மைக் காலத்திலேயே. நூற்றைம்பது ஆண்டுகள் அப்பாட்டுக்கு ஏடு, பாடுவோனின் நெஞ்சு ஒன்றே.

இனி, தப்பைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி இணைத்த வட்டச் சட்டம். அதன் ஒருபுறத்தே இழுத்து ஒட்டிய தோல். இடது தோளிலிருந்து தொங்கும் வார். ஒரு கையில் மெல்லிய நீண்ட மூங்கிற் சிம்பு, மறுகையில் குறுந்தடி. இவ்வளவே கருவி. மிருதங்கத்துக்கு உள்ள கரணை, வார்ப்பின்னல், சுருதிக்கட்டை ஒன்றும் இதற்கில்லை. இதற்குச் சுருதி சேர்ப்பது நெருப்பு. மலைக்குளிரிலும் பனியிலும் தோல் நெகிழ்ந்துவிடும். ஆகவே பொட்டலின் ஓரத்திலே சருகும் விறகும் எரிந்துகொண்டேயிருக்கும். தப்படிப்போர் ஒருவர்பின் ஒருவராக வந்து தம் தப்பை அனலிலே காட்டிக் காய்ச்சி, விரலாற் சுண்டிப் பார்த்து மீண்டும் வட்டத்திற் சேர்வர். காய்ந்த தோல் எழுப்பும் ஓசைக்கும் குளிர்ந்த தோல் எழுப்பும் ஓசைக்கும் உள்ள வேற்றுமையை ஒரு முறை கேட்டவர் மறப்பதில்லை. முன்னது கல்லிலே சம்மட்டி வீழ்வதுபோற் சுரீரென்று தெறிக்கும். பின்னது ஈரத்துணியை அடித்தாற்போல இருக்கும்.

அந்தத் தப்புக்குத் தோட்டத்திலே மாசி மாதத்து வேலை மட்டும் இருந்ததன்று. நாள்தோறும் வேறொரு வேலை இருந்தது. விடியுமுன் லயங்களை எழுப்பி, ஆட்களைப் பெரட்டுக்களத்துக்கு அழைத்ததும் இதே தப்பு. பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலியில்லை. குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிலே விட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு ஓடிய தாய்க்கு அந்த ஓசை இசையாகவா கேட்டிருக்கும்? சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்னும் நெடுங்கவிதை அந்த விடியற்கால முழக்கத்தோடேயே தொடங்குகின்றது, சக்தீ அ. பாலையா அதைத் தமிழிலே தந்தார். பிற்காலத்திலே சங்கும் மணியும் பெரட்டுத் தப்பின் இடத்தை எடுத்துக்கொண்டன. ஆயினும் தலைமுறைகள் பலவற்றுக்குத் துரையின் ஆணை தோலின் ஓசையாகவே காதில் விழுந்தது.

இந்த இரட்டைத் தன்மையை மனத்திற்கொண்டு காமன் பொட்டலுக்குச் செல்ல வேண்டும். காலையிலே ஆணையாகக் கேட்ட கருவி, மாசி இரவிலே அம்மக்களின் சொந்தக் குரலாகின்றது. கருவி அதுவே, அடிக்கும் கையும் அதுவே. அடிதான் வேறு. பெரட்டுத் தப்பிற்கு ஓரே அடி. கூத்துத் தப்பிற்கோ எத்தனை அடி! ரதியும் மதனும் வரும்போது ஒரு தாளம். தூதன் ஓடிவரும்போது துள்ளலான வேறொரு தாளம். வீரபத்திரன் வெகுண்டெழும்போது பொட்டலையே அதிரச் செய்யும் இன்னொரு தாளம். யார் வருகின்றார் என்பதைக் கண் காணுமுன் காது அறிந்துவிடும். இருளிலே, கூட்டத்தின் பின்னே, உயரமான தேயிலை வரிசைக்கு நடுவே நிற்பவனுக்கும் கதை விளங்குவது இதனாலேதான்.

கேட்கச் செல்பவர் பொட்டலுக்கு நேரே மோட்டாரில் போய் இறங்குவதை நான் விரும்புவதில்லை. அரை மைல் முன்னதாகவே இறங்கி நடக்கவேண்டும். முதலில் தப்பு மட்டுமே கேட்கும். அதுவும் எந்தத் திசையிலிருந்து என்று தெரியாது. எதிரே உள்ள மலைமுகம் நூற்றெழுபது மீற்றர் தொலைவில் இருக்குமானால் அங்கு மோதிய ஓசை ஒரு வினாடியிலே திரும்பி வரும். அடித்தவனின் அடியும் மலையின் மறுமொழியும் கலந்து, இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று எதிர்நின்று அடிப்பதுபோன்ற மயக்கம் உண்டாகும். வளைவொன்றைத் திரும்பினால் ஒலி அறவே அற்றுப்போகும். மறுவளைவிலே முகத்தில் அறைந்தாற்போல் மீண்டும் கேட்கும். இன்னும் நெருங்கினால் பலர் சேர்ந்து பாடும் பின்பாட்டுக் கேட்கும், சொற்கள் விளங்கா. கடைசியாக, நெருப்பின் ஒளி முகத்திலே படும் தூரத்துக்கு வந்த பின்னரே முன்பாட்டுக்காரரின் தனிக்குரலும் அதன் சொற்களும் தெளியும். மூன்று வட்டங்கள்: தோலின் வட்டம், கூட்டுக்குரலின் வட்டம், தனிக்குரலின் வட்டம். ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைக் கடந்து உள்ளே செல்வதே இக்கூத்தைக் கேட்கும் முறை.

இரவில் ஒலி இவ்வளவு தூரம் செல்வதற்குக் காரணமும் உண்டு. பகலிலே வெயிலாற் சூடேறிய நிலத்தை ஒட்டிய காற்று வெப்பமாயிருக்க, ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்திலே சிதறிவிடும். இரவிலே நிலம் குளிர்ந்து, குளிர்காற்றுப் பள்ளத்தாக்கிலே தேங்கிக் கிடக்க, அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் நிற்கும். அப்போது மேலெழுந்த ஒலி கீழ்நோக்கி வளைந்து பள்ளத்தினுள்ளேயே தவழும். மலைச்சரிவுகளிலே வாழ்ந்தவர்களுக்கு இதைப் பௌதிக நூல் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுத்த தோட்டத்துக் கூத்து எத்தனை மணிக்கு எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கின்றது என்பதைத் தம் லயத்து வாசலில் இருந்தே சொல்லவல்லவர்கள் அவர்கள்.

பின்பாட்டின் பயனும் இங்கேதான் விளங்குகின்றது. முன்பாட்டுக்காரர் ஓரடியைப் பாடி ஈற்றெழுத்தை நீட்டி நிறுத்துவார். சுற்றிநிற்போர் அதே அடியை வாங்கித் திரும்பப் பாடுவர். மேடையிலே இதைக் கேட்கும் பட்டினத்து இரசிகர், கூறியதே கூறல் என்று அலுத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். வெட்டவெளியின் கணக்கு அவருக்குத் தெரியாது. ஒலியின் செறிவு, தூரம் இருமடங்கானால் நாலில் ஒன்றாகக் குறையும். ஒருவன் குரல் எட்டாத இடத்துக்கு இருபது பேர் குரல் எட்டும். முதலடி முன்வரிசைக்கு, திரும்பப் பாடும் அடி பின்வரிசைக்கு. அதுவன்றி, அடி பாடப்படும்போது தப்புத் தணிந்து நிற்பதும், அடி முடிந்ததும் சீறி எழுவதும், சொல் நசுங்கிவிடலாகாது என்னும் கவனத்தினாலேயே. ஒலிபெருக்கி வந்த இடங்களிலே முதலில் மடிவது இந்தக் கவனம். ஒலிவாங்கி ஒருவர் வாய்க்கருகே இருப்பதால் மற்றவர் பாட வேண்டிய தேவை குறைகின்றது. பாடத் தேவையற்றவர் கேட்போராகின்றனர், பிறகு பார்ப்போராகின்றனர், பிறகு கைப்பேசியிலே படமெடுப்போராகின்றனர்.

கதை யாவரும் அறிந்ததே. கச்சியப்பரின் கந்தபுராணத்திலே காமதகனப் படலமாக வருவது. சூரபதுமனாலே துன்புற்ற தேவர்கள், யோகத்திலிருக்கும் சிவனை எழுப்ப மன்மதனை ஏவுகின்றனர். அவன் மலரம்பு எய்கின்றான், நெற்றிக்கண் திறக்கின்றது, சாம்பலாகின்றான். ரதி அழுது வேண்ட, அவள் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு அவனுக்கு உயிர் மீள்கின்றது. புராணத்திலே இது பெருங்கதையின் ஒரு பகுதி. பொட்டலிலோ இதுவே முழுக்கதை. அதிலும் மக்கள் உறக்கத்தை மறந்து நிமிர்ந்திருப்பது நெற்றிக்கண் திறக்கும் கட்டத்துக்கு அன்று, அதற்கு முந்தியதற்கு. தூதன் வருகின்றான். மேலிடத்து ஆணை, உடனே புறப்படு என்கின்றான். மதன் எழுகின்றான். போகவேண்டாம் என்று ரதி தடுக்கின்றாள். தீக்கனாக் கண்டேன் என்கின்றாள். திருமணக் கோலம் கலையவில்லையே என்கின்றாள். அவனோ ஆணையை மீற மாட்டாமற் போகின்றான். தடுப்பும் மறுப்புமாக இப்பாட்டு நெடுநேரம் நீளும்.

அதைக் கேட்டுக்கொண்டு தரையிலே சாக்கு விரித்து அமர்ந்திருக்கும் முதிய பெண்களின் முகத்தைப் பார்த்தால் அவர்கள் தேவலோகத்துக் கதையைக் கேட்பவர்களாகத் தோன்றுவதில்லை. கங்காணி ஊருக்கு வந்து அழைத்ததும், முன்பணம் வாங்கிய கணவன் புறப்பட்டதும், மனைவி வழிமறித்ததும், போனவன் மன்னார்க் காட்டுவழியிலே மாண்டதும் இச்சமூகத்தின் முதல் நினைவுகள் அல்லவா? மதன் எரிந்த பின் ரதி பாடும் புலம்பல், தோட்டத்துப் பெண்கள் இழவு வீட்டிலே பாடும் ஒப்பாரியின் மெட்டிலேயே அமைகின்றது. ஆடவன் ஒருவன் பெண்வேடம் பூண்டு பெண்களின் மெட்டைப் பாட, பெண்கள் அதைக் கேட்டு அழுகின்றனர். இப்புலம்பலைப் பற்றி நம் பல்கலைக்கழகத்தார் இன்னும் விரிவாக ஆராயலாம். அந்த நேரத்திலே தப்பு ஏறத்தாழ மௌனமாகிவிடுகின்றது. எப்போதாவது ஓரடி, எங்கோ தூரத்தில் கதவு சாத்தப்படுவதுபோல விழும். அவ்வளவு தாழ்ந்த குரலையும் நானூறு ஐந்நூறு பேர் கொண்ட கூட்டத்திலே கேட்க முடிவது, அத்தனை பேரும் மூச்சடக்கி இருப்பதாலேயே.

ஒப்பாரி என்ற சொல்லை எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமலிருக்க முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் கணக்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ள இணங்கின. கணக்கு ஆட்களைப் பற்றியது; கூத்துக் குழுக்களைப் பற்றியதன்று. முன்பாட்டுக்காரர் ஒரு நாட்டின் பட்டியலிலும், தப்படிப்பவர் மறுநாட்டின் பட்டியலிலும், ரதியாக ஆடிய இளைஞன் முடிவாகாத பட்டியலிலும் இருந்தால் அப்பொட்டலில் அடுத்த மாசியில் என்ன நடக்கும்? மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. மூதாதையர் நடந்து வந்த வழியே பேரப்பிள்ளைகள் அழுதுகொண்டு திரும்பினர். பாட்டு ஏட்டிலே இல்லாமல் ஆளிலே இருந்தபடியால், ஆள் போனபோது பாட்டும் போயிற்று. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. 2023ஆம் ஆண்டு, வருகையின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து தொடங்கிய நடைபயணம் முடிவடைந்த ஊர் மாத்தளையே.

கூத்து நலிவதற்கு அரசியலை மட்டும் காரணமாகக் காட்டித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. தப்படிப்பது இன்ன சாதியாரின் தொழில் என்றும், அது சாவுக்குரிய பறை என்றும், கோயிலுள்ளே அது வரலாகாது என்றும் ஒதுக்கியது யார்? துரைமார் அல்லர். காமன் பொட்டலிலே இரவு முழுவதும் அந்தத் தோலின் ஓசையிலே மெய்ம்மறந்திருந்தவர்களே காலையில் அதை அடித்தவனைத் தள்ளி நிறுத்தினர். அவன் பிள்ளைக்கு எழுத்தறிவு வந்தபோது, அவன் முதலிற் கைவிட்டது அப்பாவின் தப்பையே. அவனைக் குறைகூற எவருக்கு வாய் உண்டு?

இதே மாத்தளையிலே பக்கத்துக் கிராமங்களிலும் பறை உண்டு. கண்டிய நடனத்துக்குரிய கெட்டபெர என்னும் மத்தளமும், விகாரைகளிலே ஒலிக்கும் தவுலும் தம்மெட்டமும் தலைமுறை தலைமுறையாகப் பெரவ என்னும் பறைகொட்டும் சாதியாரின் கையிலேயே இருந்தன. அவர்களும் இழிவுக்கு ஆளானவர்களே. ஆனால் சுதந்திரத்துக்குப் பின் அக்கலையை அரசு தன் கலையென்று ஏற்றுப் பாடசாலைகளிலே கற்பித்தது. சாதி இழிவு அதனால் முற்றும் ஒழிந்துவிட்டது என்று கூறமுடியாது. ஆயினும் அந்த மத்தளத்தைத் தோளிலே மாட்டிக்கொள்ள இன்று பல சாதிப் பிள்ளைகளும் முன்வருகின்றனர். தமிழ்நாட்டிலே 1990கள் தொட்டுத் திண்டுக்கல் சக்தி கலைக்குழு முதலியன பறையைப் பெண்களின் கையிலே கொடுத்து ஆடவைத்தன. 2025ஆம் ஆண்டு மதுரைப் பக்கத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. நம் மலையகத் தப்புக்கு அத்தகைய வரவேற்பு இன்னும் வாய்க்கவில்லை.

மேடைக்குக் கொண்டுவந்தால் கூத்துப் பிழைக்கும் என்று நண்பர் சிலர் கூறுவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றி, படித்தவர் புறக்கணித்த கூத்துக்குப் புதுவாழ்வு தந்தமையை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அப்பணியின் அருமையை நான் குறைத்து மதிப்பவனல்லன். விடியவிடிய ஆடியதை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கியும் அதன் உயிரைக் காத்தவர் அவர். ஆனால் காமன் கூத்துக்கு அந்த மருந்து அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் எண்ணம். இது விரதமும் பிறையும் கம்பமும் கூடியது. தமிழ்த்தின விழாவுக்காக இருபது நிமிடங்களுக்குள் மதனை மணமுடித்து, எரித்து, உயிர்ப்பித்தால், தடுப்பும் மறுப்புமான அந்த நீண்ட பாட்டே முதலில் வெட்டுப்படும். கூரையின் கீழே தப்பு அடித்தால் செவி அடைக்கும். அதற்காக மெதுவாக அடித்தால் அது தப்பன்று. மாணவருக்குக் கூத்தைக் காட்ட விரும்பும் ஆசிரியர், கூத்தை மண்டபத்துக்கு அழைப்பதிலும் மாணவரைப் பொட்டலுக்கு அழைத்துச் செல்வது செலவு குறைந்தது.

இன்று பொட்டல்களிலே உள்ள பெரிய கவலை ரதி யார் என்பது. நோன்பிருந்து இரு வாரங்கள் ஊரோடிருக்கவேண்டிய அந்த இளைஞன் இப்போது பெரும்பாலும் தோட்டத்தில் இல்லை. கொழும்பிலே புடவைக் கடையிலோ உணவகத்திலோ நிற்கின்றான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுமுறை தரும் முதலாளி, காமனுக்கென்று கேட்டால் சிரிப்பார். ஆகவே சில இடங்களிலே வயதானவரே ரதியாகின்றார். சில இடங்களிலே நாட்கள் குறுகுகின்றன. கம்பம் ஊன்றாமலே போன பொட்டல்களும் உண்டு. ஒரு நற்பேறு, மாசிப் பௌர்ணமி இந்நாட்டிலே போயா விடுமுறை நாளாக இருப்பது. பௌத்தருக்குரிய அந்நாளின் தயவிலே, எரிப்பு இரவுக்காவது பிள்ளைகள் வந்து சேர முடிகின்றது.

அவர்களோடு நாமும் செல்லலாம். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் மாத்தளைக்கு பஸ் உண்டு. அங்கிருந்து இரத்தோட்டைப் பாதையிலே தோட்டத்து வாசல்வரை போகலாம். கம்பளிச் சட்டையும், தரையில் விரிக்க ஒரு சாக்கும் கொண்டுசெல்வது நல்லது. பொட்டல் எந்தப் பக்கம் என்று எவரையும் கேட்க வேண்டுவதில்லை. இறங்கிய இடத்திலே, பஸ்ஸின் இரைச்சல் வளைவுக்கப்பால் மறையும்வரை சற்று நின்றாற் போதும்.